பாராசூட் மடித்த மாப்பிள்ளை

விமானத்திலிருந்து குதிப்பது என்று நான் முடிவெடுத்தது ஈரோட்டில், வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு. பசித்த மனிதன் இப்படிப்பட்ட முடிவுகளை எடுப்பதில்லை.

என் மனைவியின் அண்ணன் சென்னிமலைக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டி. அன்று அவருடைய புது வீட்டில் விருந்து. கோவா கடற்கரையில் ஒரு படகு இழுக்க, துணிக்குடையில் தொங்கிக்கொண்டு அவர் பறந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தாயிற்று. பாயசம் வந்தபோது மறுபடியும் போட்டார்.

"மாப்ள, உங்களுக்கு இதெல்லாம் ஆகாதுங்க. எங்கூட்டு மாடிப்படி எறங்கறப்பவே ரெண்டு கையிலயும் கம்பியப் புடிக்கறீங்க."

பந்தியே சிரித்தது. எனக்குப் பாயசம் புரையேறியது.

"படகு இழுத்தா பறக்கறது பட்டமுங்க மச்சான். நான் ஏரோப்ளேன்ல இருந்தே குதிக்கப் போறேன். தன்னந்தனியா."

இப்படிச் சொன்னது யார் என்று நானே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

கோயம்புத்தூர் திரும்பும்போது, பெருந்துறை தாண்டியதும் என் மனைவி மோகனப்பிரியா என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க."

"சொல்லு அம்மணி."

"நெசமாவே குதிக்கறீங்களா?"

"சொன்னா சொன்னதுதான்."

"அப்பச் சரிங்க. குதிங்க."

நான் எதிர்பார்த்தது இது அல்ல. அழுவாள், தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், 'என்னை மீறிப் போயிருவீங்களா?' என்று கேட்பாள். நானும் பெரிய மனது வைத்து விட்டுக்கொடுப்பேன். தடுக்க வேண்டிய நேரத்தில் மனைவி தடுக்காவிட்டால் ஒரு கணவன் எப்படித்தான் உயிர் வாழ்வது?

ஆனால் எனக்கும் மூளை உண்டு. என் பெயரில் நடக்கும் பாலுசாமி வெட் கிரைண்டர் கடையை இத்தனை வருடம் வெறும் கல்லை வைத்தா ஓட்டினேன்? செல்போனில் தேடியபோது, கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு குதிப்புப் பள்ளி இருப்பது தெரிந்தது. அங்கே ஒரு விதி. தனியாகக் குதிக்க ஆசைப்படுகிறவர் முதலில் பாராசூட் மடிக்கக் கற்றுத் தேற வேண்டும்.

அந்த விதியை எழுதிய மகராசன் நூறு வயது வாழட்டும்! நான் மடிக்கும் வகுப்பில் சேருவேன். தேறவே மாட்டேன். 'குதிக்க நான் தயாருங்க மச்சான். பாழாப்போன மடிப்புத்தான் வர மாட்டேங்குது' என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கலாம். உயிரும் மிஞ்சும், மானமும் மிஞ்சும்.

மடிக்கும் வகுப்பு ஒரு பெரிய தகரக் கொட்டகையில் நடந்தது. ஆசிரியை சாஜிதா பேகம். பொறுமைக்குக் கண்ணாடி போட்டு உட்கார வைத்தது போல இருப்பார். வேலை என்ன என்பதை அவர் ஒரு நிமிடத்தில் விளக்கிவிட்டார். ஒரு கல்யாணப் பந்தலுக்குக் கூரை போடும் அளவுக்குத் துணி. அதைப் பள்ளிக்கூடப் பை அளவுள்ள ஒரு பைக்குள் போட வேண்டும். முதலில் கயிறுகளைச் சிக்கில்லாமல் நேராக்க வேண்டும். அப்புறம் சேலைக்குக் கொசுவம் வைப்பது போலத் துணியை மடிப்பு மடிப்பாக அடுக்க வேண்டும். அதன்மேல் முட்டி போட்டுக் காற்றை வெளியேற்றி, அது மறுபடி உப்புவதற்குள் பைக்குள் தள்ள வேண்டும்.

வேண்டுமென்றே தப்பாக மடிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. புது நைலான், எண்ணெய்ச் சட்டியைத் துடைத்த கையில் சோப்பைப் பிடித்த மாதிரி வழுக்கியது. இங்கே அமுக்கினால் அங்கே உப்பியது. அங்கே போய்ப் படுத்தால் இங்கே எழுந்து உட்கார்ந்தது.

"காத்தோட சண்டை போடாதீங்க சார்," என்றார் சாஜிதா பேகம். "அது வெளிய போறதுக்கு வழி விடுங்க, போதும்."

"வருசமானாலும் எனக்கு வராது போலிருக்குங்களே மேடம்," என்றேன் மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டு.

ஞாயிறுதோறும் மோகனப்பிரியாவும் டிபன் கேரியரோடு கூடவே வந்தாள். "நீங்க உள்ள மடிங்க. நான் வெளிய காத்தாட இருக்கறேன்" என்று போய்விடுவாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, ஆரோக்கியத்துக்கு நல்லது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் மடித்து வைத்திருந்ததைச் சுற்றி வந்தாள்.

"ஏனுங்க, இதென்னுங்க? போண்டா மாவாட்டம் இருக்குது."

"பாராசூட்."

"அண்ணன் போன் பண்ணுனாங்க. 'எல்லாத்துக்கும் அளவு வெச்சுப் பேசற மாப்பிள்ளைக்குத் துணி மடிக்கத் தெரியலையாமா?'ன்னு ஒரே சிரிப்பு."

"என்னது? துணி மடிக்கத் தெரியாதா? எனக்கா?"

"நான் சொல்லலீங்க, அண்ணன் சொல்றாங்க. அவரு மடிச்சிருந்தா ஒரே தடவைல முடிஞ்சிருக்குமாமா."

என்னைக் கோழை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். என் கைக்குட்டையின் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சென்னிமலை வேட்டி மடித்து நான் பார்த்திருக்கிறேன். மஞ்சள் மூட்டை அதைவிட ஒழுங்காக இருக்கும்.

அன்றைக்கே பறக்கத் தகுதியில்லாத ஒரு பழைய பாராசூட்டை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள் மோகனப்பிரியா. சோபா வாசலுக்குப் போனது. டீப்பாய் சமையலறைக்குப் போனது. தரையில் ஒரு மணல் இருக்கக் கூடாதாம். கூட்டித் துடைத்தவன் நான். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

"வலப்பக்கம் ஒரு ஓரம் எட்டிப் பாக்குதுங்க."

"எட்டிப் பாக்கல. மூச்சு விடுது."

"உட்டா உடட்டும். நீங்க மூச்ச நிறுத்திப்போட்டு மடிங்க. அட, அப்படித்தானுங்க! அந்தக் கயிறு முறுக்கிட்டு இருக்குது பாருங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரிங்க. எங்கண்ணனுக்குத் தெரியாதுங்க."

இந்தக் கடைசி வார்த்தை வெல்லக்கட்டி மாதிரி. தினமும் ஒன்று கிடைத்தது. தினமும் இன்னும் கொஞ்சம் நேராக மடித்தேன்.

தேர்வு நாள் வந்தது. அப்போதும் என் திட்டம் உயிரோடுதான் இருந்தது. ஒரே ஒரு கயிற்றை முறுக்கி விட்டால் போதும், தோல்வி நிச்சயம். ஆனால் கொட்டகைக்குள் நுழைந்தால் முன்வரிசையில் சென்னிமலை! ஈரோட்டிலிருந்து அத்தனை சொந்தமும் வேன் பிடித்து வந்திருந்தது. கூப்பிட்டது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

"மாப்ள, முடியலீன்னா சொல்லிப்போடுங்க. வெக்கமில்லீங்க," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு என் கைகள்தான் பொறுப்பு. கயிறுகள் வீணைத் தந்தி போல நேராயின. மடிப்புகள் புத்தகத் தாள் போல அடுக்காயின. காற்றுக்கு நான் வழி விட்டேன். அது மரியாதையாக வெளியேறியது. துணி முனகாமல் பைக்குள் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் குனிந்து பார்த்துத் தலையாட்டிய சாஜிதா பேகம், கடைசியில் நிமிர்ந்து கையைத் தட்டினார்.

"புதுசாக் கத்துக்கிட்டவங்க இத்தனை நேர்த்தியா மடிச்சு நான் பார்த்ததில்லைங்க!"

கொட்டகை அதிர்ந்தது. நான் சென்னிமலையைப் பார்த்தேன். அவர் தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டார். ஆஹா! அந்த ஒரு நொடிக்காக ஒரு மனிதன் பிறக்கலாம்.

அடுத்த நொடி வெளியே விமானத்தின் விசிறி சுற்றத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேறிவிட்டேனே!

"மேடம், இந்தப் பை..."

"குதிக்கிறவங்களுக்குத்தானுங்க சார். இதோ வந்துட்டாங்க."

தலைக்கவசம், நீலநிற முழு உடுப்பு, கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் மோகனப்பிரியா.

"நீயா? குதிக்க வேண்டியது நானில்லையா?"

"சார், நீங்க குதிக்கிற வகுப்புக்கு ஒரு நாளும் வரலையே," என்றார் சாஜிதா பேகம். "அம்மணி ஒரு நாளும் விடலைங்க. நீங்க இங்க மடிக்கிற நேரமெல்லாம் அவங்க வெளிய மேடையில இருந்து குதிச்சுப் பழகிட்டு இருந்தாங்க. மடிக்கிறதுல வீட்டுல ஒருத்தர் தேறினாப் போதும்ங்கறதுதான் எங்க விதி."

பிழைத்தேன் என்று ஒரு மூச்சு வந்தது. அது பாதியில் நின்றது. அந்தப் பை இப்போது என் மனைவியின் முதுகில் இருந்தது.

"அம்மணி, ஒரு நிமிசம். பிரிச்சு இன்னொருக்கா மடிச்சுத் தந்தர்றேன்."

"வேண்டாமுங்க."

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"அவசரத்துக்கு மேடம் மடிச்சது இன்னொண்ணு இருக்குதுங்க. ஆனா அது வேண்டியிருக்காது. நீங்க மடிச்சா ஒரு நூல் பிசகாதுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே உங்களை இந்தப் பாடு படுத்துனேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பாராட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டாள்.

மேலே ஒரு புள்ளி விழுந்தது. கீழே நான் ஒவ்வொரு மடிப்பாக நினைத்துப் பார்த்தேன். கயிறு நேர்தானே? ஓரம் உள்ளேதானே? வானத்தில் ஒரு ஆரஞ்சு நிறக் கீற்று நீண்டது, நடுங்கியது. பிறகு பளிச்சென்று விரிந்து, அகலமாக, சுருக்கமே இல்லாமல் நின்றது!

"என் மடிப்பு! பாருங்க மச்சான், என் மடிப்பு!" என்று சென்னிமலையைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

"எந்தங்கச்சிங்க மாப்ள! எந்தங்கச்சி!" என்று அவரும் அழுதுகொண்டே குதித்தார்.

தென்னந்தோப்புக்கு இந்தப் பக்கம், பூப்போல இரண்டு காலிலும் வந்து நின்றாள். மாலை, விசில், வீடியோ எல்லாம் அவளை நோக்கி ஓடின. நானும் ஓடினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஒரு கல்யாணப் பந்தல் அளவுத் துணியை வாரிச் சுருட்டிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தாள். மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். குவியலை அப்படியே என் கையில் போட்டாள்.

"ஏனுங்க, காத்து எச்சா வீசறதுக்குள்ள இன்னொருக்கா போயிட்டு வந்தர்றேன். சட்டுனு மடிச்சுக் குடுங்க."