இன்னாசி மாமா வாசித்த எச்சரிக்கை

ஒன்றுமே தெரியாதவனால் உலகத்துக்குப் பெரிய சேதம் கிடையாது. சேதமெல்லாம் வீடியோவைப் பாதி பார்த்தவனால்தான் வருகிறது. நான் அந்த ரகம். பாலிடெக்னிக்கைப் பாதியில் நிறுத்தியவனுக்கு ஒரு வீடியோவைப் பாதியில் நிறுத்துவதா பெரிய காரியம்?

திரேஸ்புரத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு எப்போதும் ஆம்பிளைதான் தலைமை. மெர்லின் அக்கா (என் கூடப் பிறந்தவள், என்னைவிட நல்ல குரல், என்னைவிட நீள நாக்கு) கேட்டுக் கேட்டு, கடைசியில் திருவிழாப் பூசைக்கு மட்டும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

"ஒரு தடவ பாத்துக்கிடுவோம். சரியா வரலன்னா பழையபடிதான்" என்று கமிட்டி அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

பைபிள் வாசகம் முடிந்ததும் பாடுகிற பதிலுரைப் பாடலுக்கு அக்காவே மெட்டுப் போட்டிருந்தாள். பாட்டுப் புத்தகம் அச்சடிக்க நேரமில்லை. நான் குறுக்கே விழுந்தேன். பழைய லேப்டாப் ஒன்றை சர்வராக்கி, அன்றைய வாசகம், பாட்டு எல்லாவற்றையும் ஏற்றி, ஒரு வைஃபை பெட்டியோடு பாடகர் குழு கீபோர்டுக்குப் பின்னால் வைத்தேன். இன்டர்நெட்டே வேண்டாம். கோயிலுக்குள் இருந்தால் போதும், எல்லார் போனிலும் பக்கம் திறக்கும். ஒத்திகையில் அருமையாகத் திறந்தது.

அக்கா மட்டும் போனை உற்றுப் பார்த்தாள்.

"ஏலே, மேல 'பாதுகாப்பற்றது'ன்னு போட்டிருக்கே. ஆண்டவரு பாட்டுக்கு மேல இது என்னத்துக்குலே?"

"அது சும்மாக்கா. பூட்டு போடல, அதான்."

"அப்ப பூட்டப் போடு."

போனுக்கும் சர்வருக்கும் நடுவில் போகிறதை யாரும் படிக்க முடியாதபடி குழப்பி அனுப்ப, ஒரு சர்டிபிகேட் வேண்டுமாம். அதை நாமே தயாரித்துக்கொள்ளலாம் என்கிற இடம்வரை வீடியோவைப் பார்த்தேன். திருவிழாக் காலையில் தயாரித்தேன். என் போன் சிவப்பாக ஏதோ கேட்டது. 'பரவாயில்லை, உள்ளே விடு' என்று அமுக்கினேன். விட்டது. பூட்டில்லாத பழைய வழியையும் அடைத்துவிட்டேன். (அன்றைக்கு என்னைவிடப் பெரிய இன்ஜினியர் எங்கள் ஊர்த் துறைமுகத்திலேயே கிடையாது.)

பார்க்காத பாதியில்தான் விஷயம் இருந்திருக்கிறது. வேறு கோயில் பங்கிலிருந்து மாப்பிள்ளை வந்தால், இவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்று அவன் பங்குச் சாமியார் கடிதம் கொடுக்க வேண்டும். 'நான் கல்யாணம் ஆகாதவன், இப்படிக்கு நானே' என்று அவனே எழுதிக்கொண்டு வந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? என் சர்டிபிகேட் அப்படிப்பட்ட மாப்பிள்ளை. ஒரு போனும் அதை நம்பாது.

பூசை தொடங்கியது. வாசகம் வாசிக்க இன்னாசி மாமா எழுந்தார். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். வந்த செய்தியை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் வாசித்தே காலம் கழித்தவர். எழுத்தைப் பெரிசாக்கிக்கொள்ளலாம் என்று புத்தகத்தை ஒதுக்கி, போனை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். மணிக் குரலில் ஆரம்பித்தார்.

"உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல. தாக்குபவர்கள் உங்கள் தகவல்களைத் திருட முயலலாம். எடுத்துக்காட்டாக, கடவுச்சொற்கள், செய்திகள், கிரெடிட் கார்டுகள்."

கொஞ்சம் நிறுத்தினார். கீழே பட்டனில் இருந்ததையும் விடவில்லை, வாசகத்தை வழக்கமாக முடிக்கிற வரியையும் விடவில்லை.

"பாதுகாப்பிற்குத் திரும்புக. இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு."

கோயில் மொத்தமும் பழக்கதோஷத்தில் சொன்னது: "இறைவா, உமக்கு நன்றி."

சில பெண்கள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது.

அடுத்தது அக்காவின் பாட்டு. குழுவில் எல்லார் கையிலும் சிவப்பு எச்சரிக்கை. திருடன் என்று படித்தபின் எவரும் விரலை வைக்கத் துணியவில்லை. நான் தூணுக்குப் பின்னாலிருந்து 'அமுக்கு, அமுக்கு' என்று கையைக் கீழே ஆட்டினேன். கீபோர்டு வாசித்த அண்ணன் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துக் குறைத்தார். இன்னும் ஆட்டினேன். நிறுத்தியே விட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். (அந்தப் பார்வையை எழுத எழுத்து கிடையாது.) பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணை மூடி, தனியாகப் பாடினாள். பக்கவாத்தியம் இல்லை, துணைக்குரல் இல்லை. பல்லவியை அவள் இரண்டாவது முறை எடுத்தபோது கோயிலே சேர்ந்துகொண்டது. கடைசிச் சரணம் மறந்துபோய் முதல் சரணத்தையே திரும்பப் பாடினாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பூசை முடிந்ததும் கமிட்டி அண்ணாச்சி வந்தார். அக்கா சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ஏளா, இனி நீயே பாரு. அந்தப் பயல மட்டும் வயர் பக்கம் விட்டுராத."

இன்னாசி மாமாவுக்கு வருத்தமே இல்லை. "வந்தத வந்தபடி வாசிச்சேன். அனுப்புனவன்ட்ட கேளுங்க" என்று போய்விட்டார்.

போன மாதம் தருவைகுளத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அவ்வளவு தூரத்துக்குக் கதை போயிருக்காது என்று நம்பினேன். காபித் தட்டை நீட்டிய பிள்ளை, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் சொன்னாள்:

"இங்கன வைஃபைலாம் கெடையாது. பயப்படாமக் குடிங்க."

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. அந்த நிமிஷமே அவளுக்குப் பெண்ணைப் பிடித்துப்போனது. தை மாதம் கல்யாணம். பாட்டெல்லாம் அக்கா குழுதான். கோயில் வாசலிலேயே மாப்பிள்ளையின் போனை வாங்கி வைத்துக்கொள்ள இன்னாசி மாமாவை நிறுத்தப் போகிறாளாம்.