சவ ஊர்வலத்தை முந்திப்போன மச்சானுக்கு

மாண்புமிகு செனட்டரும் என் மனைவியின் அண்ணனுமான வெர்லின் மச்சானுக்கு, தங்கச்சி புருஷன் டெல்மர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுதுவது. இங்கே தெற்கு டகோட்டாவில் நானும் மேவிஸும் மாடுகளும் சுகம். கன்று போடும் காலம், தூக்கம் மட்டும் இல்லை. வாஷிங்டனில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதன்முதலில் தேர்தலுக்கு நின்றபோது உங்களை யாருக்குத் தெரியும்? நம் ஊர்க் குன்னர்தான் தன் ஓட்டை பிக்கப் வண்டியில் உங்களை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய், "இவன் வேண்டாம்னு சொல்றதுக்குன்னே பொறந்தவன், அங்க அனுப்பி வைங்க" என்று ஓட்டுக் கேட்டார். ஜனங்களும் அனுப்பினார்கள். புது வரியா, வேண்டாம். புதுச் சட்டமா, வேண்டாம். புது அலுவலகமா, வேண்டவே வேண்டாம். நாலு தடவை ஜெயித்து அந்த ஒரே சொல்லில் காலம் தள்ளிவிட்டீர்கள். மேவிஸ் ஆப்பிள் பை பலகாரம் செய்து வைத்தால்கூட வேண்டாம் என்பீர்கள், பிறகு என் தட்டிலிருந்து எடுத்துத் தின்பீர்கள். அதையும் கொள்கை என்றே நினைத்துக்கொண்டோம்.

அந்தக் குன்னரின் அடக்கத்தன்று நீங்கள் செய்ததுதான் தொண்டையில் நிற்கிறது. சவ ஊர்வலம் வந்தால் இங்கே டிராக்டரையும் ஓரங்கட்டித் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு நிற்போம். மாட்டுத் தரகன்கூட நிற்பான். நீங்களோ வரிசையின் கடைசியில் வந்த உங்கள் கறுப்புக் காரைக் கிளப்பி, முன்னால் போன எங்கள் வண்டிகளையெல்லாம் தாண்டி, சவ வண்டியையும் தாண்டி, பனிச்சேற்றை வாரியடித்துக்கொண்டு பறந்தீர்கள்.

"யாருங்க அது?" என்றாள் மேவிஸ்.

"உங்க அண்ணன்தான்."

"வாயைக் கழுவுங்க."

"கழுவுறேன், மொதல்ல வண்டிக் கண்ணாடியைக் கழுவிக்கிறேன்."

கல்லறையிலும் உங்களைக் காணோம். அங்கே வாசலில் கிடந்த பனியை யாரோ சுத்தமாக வாரி வைத்திருந்தார்கள். கவுன்ட்டி அரசாங்கம் ஒருநாளாவது நேரத்துக்கு வேலை செய்ததே என்று நானே பாராட்டினேன். பிறகு சர்ச்சில் சாப்பிடும்போது கிழவர் ஆர்வில், "வெர்லினுக்கு வேண்டாதது எல்லாத்தோடயும் குன்னரும் சேர்ந்துட்டான்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை, மச்சான். ஜூன் மாதம் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் நம் கட்சிக்காரனே ஒருவன் உங்களை எதிர்த்து நிற்கிறான். இந்த ஊரே உங்களைக் கைவிட்டால் மற்ற ஊர்கள் எதற்கு? என் வேலியிலிருந்த உங்கள் தேர்தல் பலகையைக் கழற்றிவிட்டேன். இப்போது கோழிக்கூண்டுக்குக் கதவாக இருக்கிறது.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல புத்தியும் நல்ல முழங்காலும் தரட்டும்.

இப்படிக்கு,
டெல்மர்

பின்குறிப்பு: நேற்று இதைத் தபாலில் போடப் போகும் வழியில் குன்னரின் மனைவி செல்மா வீட்டில் காபி குடிக்க நின்று, உங்களை அங்கேயும் திட்டினேன். "வாயை மூடுடா டெல்மர்" என்றாள். "கல்லறை வாசல்ல இடுப்பளவு பனி, கவுன்ட்டி வண்டி வரலைன்னு தகவல் வந்துச்சு. எம் மனுசன் ரோட்டுல காத்துக் கெடக்கணுமான்னு நான்தான் கார்லேருந்து வெர்லினுக்குப் போன் பண்ணேன். அவன் முந்திப் போயி, நல்ல பூட்ஸோட நின்னு வாரினான். இடுப்பு பிடிச்சுக்கிச்சு, படுக்க வச்சுத்தான் கொண்டு போனாங்க." நீங்கள் பனி வாரும்போது உங்கள் ஆலோசகர் போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போக, குனிந்தபடியே ஒரு சொல் சொன்னீர்களாமே. என்ன சொல் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று நீங்கள் அவளிடம் வாங்கிய சத்தியத்தை அவள் என்னிடம் வாங்கிவிட்டாள். பனி வாரியதற்கு ஆர்விலும் கவுன்ட்டி அரசாங்கத்தைப் புகழ்கிறார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுகிறேன். பலகை மறுபடி வேலிக்கு வந்துவிட்டது, கோழி எச்சத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் தோற்றாலும் தோற்பீர்கள். தோற்றால் நேரே எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மேவிஸ் ஆப்பிள் பை செய்வாள். வேண்டாம் என்று சொல்லுங்கள், என் தட்டை உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன்.