மாவு புளித்த வழக்கு

சிங்காநல்லூர்,
கோயம்புத்தூர்.
புதன்கிழமை

ஜெனீவா நகரத்தில், உலக வர்த்தக அமைப்பில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை தீபக் அவர்களுக்கு, வெட் கிரைண்டர் தயாரிப்பாளரும் உங்கள் மாமனாருமான தம்பிதுரை மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் உடம்பால் சுகம். மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். என் பெண் மோகனப்பிரியாவுக்குச் சளி விட்டதா? அத்தை கொடுத்தனுப்பிய சுக்குப் பொடியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருப்பாள், நீங்களாவது கண்டித்துச் சொல்லவும். போனில் பேசியிருக்கலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் “மீட்டிங்ல இருக்கறேனுங்க மாமா” என்கிறீர்கள். வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது அல்லவா, அதனால்தான்.

போன தை மாதம் நம் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, “மாமா, இனிமே உலகமே ஒரே சந்தைங்க, நீங்க ஏன் ஈரோட்டோட நின்னுட்டீங்க?” என்று கேட்டீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. மாப்பிள்ளையைக் குற்றம் சொல்லும் வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. நீங்கள் கேட்டீர்கள், நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனால் எனக்குத் தெரிந்த சந்தை மேட்டுப்பாளையத்துக் காய்ச் சந்தை. அங்கே பீட்ரூட் மூட்டையை இறக்கினால் பிரித்துப் பார்ப்பார்கள், விலை பேசுவார்கள், தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பீட்ரூட்டின் தாய்நாடு எது, அது காயா, கல்லா, சாமியா என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

உங்கள் பேச்சைக் கேட்ட சூட்டில்தான் அமீர் ஹம்சாவின் ஆர்டரை ஒப்புக்கொண்டேன். அவர் அதே மேட்டுப்பாளையத்துக்காரர்தான், வெகு காலமாக வட ஐரோப்பாவில் ஓட்டல் சமையலறையில் இருந்தவர். அந்தத் துறைமுக ஊரின் பேரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், எழுதினால் பேனாவும் சுளுக்கும், விட்டுவிடுகிறேன். “இங்க நம்ம சனங்க மிக்ஸில மாவாட்டி மிக்ஸியே பொகஞ்சு போவுதுங்ணா, ஒரு கண்டெய்னர் அனுப்புங்க, வேலைய விட்டுப்போட்டுக் கடை போடறேன்” என்றார். நானும் ஈரோட்டு வியாபாரி, சேலத்து வியாபாரி எல்லோரையும் “ஏற்றுமதி வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம்” என்று திருப்பி அனுப்பிவிட்டேன். பட்டறை போர்டில் ‘ஏற்றுமதியாளர்’ என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதவும் செய்தேன். எதிர்ப் பட்டறையில் பம்பு செட் செய்கிற பாலுசாமி அதைத் தினமும் இரண்டு தரம் சத்தமாக வாசிக்கிறார்.

முதலில் மரம். கிரைண்டரை அடைக்கும் பெட்டியின் பலகையைச் சூடேற்றி முத்திரை குத்த வேண்டுமாம், நம் ஊர் மரப்பூச்சி அந்த நாட்டுக் காட்டுக்குள் போய்விடக் கூடாதாம். சரி, நியாயம், வேக வைத்தோம். அடுத்தது பிறப்பிடம். நம் பொருள் நம் நாட்டில்தான் பிறந்தது என்று சான்று காட்டினால் அங்கே வரியில் சலுகை உண்டாம். கப்பல் காகிதங்களைப் பார்க்கிற ஏஜென்ட் ஆபீசிலிருந்து கெசியா என்ற பெண் வந்தாள். கெட்டிக்காரி, பொய் சொல்லத் தெரியாதவள். அந்த இரண்டாவது குணம்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

“சார், இந்த மெஷின் எந்த நாட்டுது?”

“நீ நின்னுட்டிருக்கற நாட்டுதுதான், கண்ணு.”

“அப்படிச் சொன்னா பத்தாதுங்க சார். ஒவ்வொரு பாகமா சொல்லணும்.”

கல் ஊத்துக்குளி, மோட்டார் கணபதி, டிரம் பீளமேடு என்று வரிசையாக ஊர்ப் பேரைச் சொன்னேன். பேரிங் மட்டும் வெளிநாடு. எந்த நாடு என்று அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அமீர் ஹம்சா கடை போட்டிருக்கிற அதே நாடு! அவர்கள் ஊர் பேரிங்கை நான் வாங்கி என் மெஷினுக்குள் வைத்து அவர்களுக்கே அனுப்பினால், “இதில் வெளிநாட்டுச் சரக்கு கலந்திருக்கிறது, விளக்கம் கொடு” என்று அவர்களே கேட்பார்களாம். இதில் யார் யாருக்கு வெளிநாடு, மாப்பிள்ளை? பெரிய படிப்புப் படித்தவர், ஓய்வாக இருக்கும்போது யோசித்துச் சொல்லவும்.

எப்படியோ கப்பல் ஏறியது, போயும் சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஆட்டுகிற கல்லை மட்டும் வெளியே எடுத்து மேசைமேல் நிற்க வைத்து, நாலு பக்கமும் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு கேள்வி. இது கல்லா, சமையல் இயந்திரமா, வழிபாட்டுப் பொருளா? கல்லுக்கு ஒரு வரி, இயந்திரத்துக்கு ஒரு வரி, புராதனச் சிலையாக இருந்தால் நம் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டுமாம். “போன மாசம் கொத்துன கல்லுங்க, அதுமேல இருக்கற தூசிகூடப் புதுசு” என்று கெசியாவை எழுதச் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. இயந்திரம் என்றால் அது வேலை செய்வதை வீடியோவில் நேராகக் காட்டு என்று பதில் வந்தது.

இங்கேதான் உங்கள் அத்தை உள்ளே வருகிறார்.

அரிசியையும் உளுந்தையும் ஊறப் போட்டு, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, பட்டறையில் ஒரு கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்றார் நாச்சியம்மாள். கெசியா லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரியும், தாடி வைத்த ஒருவரும். சுவிட்ச் போட்டதும் கல் சுற்றியது, மாவு வெண்ணெய் மாதிரி வழிந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்தேன், திருப்திதான். அத்தோடு அணைத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அந்தப் பெண் கேட்டாள், கெசியா மொழிபெயர்த்தாள்: “இத அப்படியே சமைச்சுடுவீங்களான்னு கேக்கறாங்க.”

“அதெப்படிங்க அம்மணி? ராத்திரி பூரா புளிக்கோணுமல்லோ!” என்றார் அத்தை.

கெசியா உள்ளது உள்ளபடி இங்கிலீஷில் சொன்னாள். தாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நுரைக்குமான்னு கேக்கறாருங்க.”

“நல்லா நுரைச்சுப் பொங்கி வருமுங்க. சில நாளைக்கு மூடியத் தள்ளிப்போட்டு வெளிய வந்துரும்.”

நான் பின்னாலிருந்து கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன், இருமினேன். தன் கைப்பக்குவத்தைப் பற்றி வெள்ளைக்காரர்கள் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார்களே என்று உங்கள் அத்தைக்கு ஒரே பூரிப்பு. “உங்க ஊரு குளுருக்குச் சீக்கிரம் புளிக்காதுங்க, கம்பளியச் சுத்தி வெதுவெதுப்பா வெச்சீங்கன்னா ஜோராப் பொங்கும்” என்று யோசனையும் சொன்னார். தாடிக்காரர் விடாமல் எழுதிக்கொண்டார்.

மறுநாள் உத்தரவு வந்தது. வீட்டில் நொதிக்க வைக்கும் பானம் தயாரிக்கும் கருவியோ என்ற ஐயம் எழுந்திருப்பதால், கோப்பு மதுபான வரி இலாகாவுக்கு மாற்றப்படுகிறதாம். மதுபானம்! பீடிகூடத் தொடாதவன் நான். அவிநாசிக் கோயிலில் வருஷா வருஷம் அன்னதானத்துக்கு மாவு ஆட்டிக் கொடுக்கிற பட்டறை இது. அதில் ஓடுகிற மெஷின் சாராயம் காய்ச்சுமாம்.

உடனே உங்களுக்குத்தான் போன் செய்தேன், ஞாபகம் இருக்கும். “எங்க அமைப்பு நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள வழக்கைத்தான் பாக்குமுங்க மாமா, தனி ஆள் வழக்கைப் பாக்காது” என்றீர்கள். சரி, நம் நாட்டையே வழக்குப் போடச் சொல்கிறேன் என்றேன். வழக்கு முடிந்தாலும் தோற்றவர் மேல்முறையீடு போய்விடலாம், மேல்முறையீட்டு மன்றத்திலோ சில வருஷங்களாக உறுப்பினரே இல்லை, நாடுகள் ஒத்துவராததால் ஆள் போட முடியவில்லை என்றீர்கள். பஞ்சாயத்துக் கட்டடம் இருக்கிறது, ஜமுக்காளம் விரித்திருக்கிறது, நாட்டாமை மட்டும் இல்லை! நானோ இரண்டு கல்யாணத்திலும் ஒரு காது குத்திலும் “எங்க மாப்பிள்ளை உலக வியாபாரத்தையே மேய்க்கறாருங்க” என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். போன முகூர்த்தத்தில் பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்த பாலுசாமி, “ஏனுங்க, உலகத்தையே மேய்க்கற உங்க மாப்பிள்ளை உங்க கிரைண்டர மட்டும் தொழுவத்துல கட்டிப்போட்டாருங்களாமா?” என்று கேட்டார். பாயசம் இறங்கவில்லை.

வீட்டு நிலவரத்தைக் கேளுங்கள். ஆத்திரத்தில் உங்கள் அத்தையைப் பார்த்து, “வாயை மூடிட்டிருந்தா என்ன?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். “கேட்டதுக்கு உண்மையச் சொன்னது தப்புங்களா? அப்படின்னா புளிக்கறது எதுவும் இனி இந்த ஊட்டுல வேண்டாமுங்க” என்றார். அன்று முதல் காலையில் உப்புமா, இரவில் உப்புமா. தயிரும் புளிப்பதுதான் என்று அதையும் நிறுத்திவிட்டார். கிரைண்டர் செய்கிறவன் வீட்டில் மாவு இல்லை, மாப்பிள்ளை. நான் எங்கே போய்ச் சொல்வேன்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அமீர் ஹம்சாவின் குரலைத்தான் பொறுக்க முடியவில்லை. “கடைக்கு ‘கோவை கிரைண்டர் மாளிகை’ன்னு பேரு வெச்சுட்டேனுங்ணா. உள்ளே ரெண்டு மூட்டை புளிதான் கெடக்குது. வர்றவங்க எட்டிப் பாத்துட்டுச் சிரிச்சுட்டுப் போறாங்க” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் குரல் உடைந்துவிட்டது. என்னை நம்பி வேலையை விட்ட மனுஷன். இங்கே பட்டறையில் லேத்து மெஷின் சத்தம் நின்றுபோய் ஆட்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் உள்ளே போனதும் எழுந்து நிற்கிறார்கள், ஒன்றும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால்கூடத் தேவலை. ஈரோட்டு வியாபாரி வேறு பட்டறையில் சரக்கு எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆகையால் மாப்பிள்ளை அவர்களே, இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது யாதெனில், இனிமேல் ஈரோட்டுக்கு அந்தப் பக்கம் என் சரக்கு ஒன்றுகூடப் போகாது. போர்டில் உள்ள ‘ஏற்றுமதியாளர்’ என்ற எழுத்தை நாளைக்கே சுரண்டப் போகிறேன். உலகம் ஒரே சந்தை என்று மறுபடி என் காதுபடச் சொல்ல வேண்டாம். தீபாவளிக்கு வரும்போது அத்தையிடம் நீங்களே பேசி, மாவு விஷயத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து தரவும். நாட்டுக்கு நாடு சமாதானம் செய்கிற ஆபீசில் இருக்கிறீர்கள், இந்த ஒரு வீட்டுக்காவது செய்யுங்கள்.

மோகனப்பிரியாவும் நீங்களும் நோய் நொடியில்லாமல், காலாகாலத்தில் சாப்பிட்டு, பனியில் வழுக்கி விழாமல், பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று அவிநாசியப்பரை வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாமனார்,
தம்பிதுரை
(வெறும் கிரைண்டர் தயாரிப்பாளர்)

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது கெசியா பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள். அவள் வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. நான் முன்னறையில் இந்தக் கடிதத்தை வரிக்கு வரி சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அவளும் உங்கள் அத்தையும் சமையலறையில் உட்கார்ந்து மதுபான இலாகாக்காரர்களோடு வீடியோவில் பேசியிருக்கிறார்கள். “எஞ் சொல்லுலதான் அது மாட்டுச்சு, எஞ் சொல்லுலயே அவுந்து வரட்டும்” என்று அத்தைதான் நேரம் கேட்டு வாங்கினாராம். பேச்சுக்கு நடுவில் அவர்களில் ஒருவர், “பின்னால் கத்துகிற ஆள் குடித்திருக்கிறாரா?” என்று கேட்டிருக்கிறார். அதற்கு அத்தை, “அது எங்க ஊட்டுக்காரருங்க. கல்யாணமான நாள்ல இருந்து இந்த மாவுலதான் அவுரு உசுரு ஓடுது, ஒரு நாளும் கால் தள்ளாடுனதில்லீங்க. இப்பக் கத்தறது போதையில இல்லீங்க, நீங்க போட்ட உத்தரவப் படிச்சதனால” என்றாராம். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். சமையல் இயந்திரம் என்று முடிவாகிவிட்டது, சரக்கை விடச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. அமீர் ஹம்சா போனில் அழுகிறார். ஆகவே மேலே எழுதியதில் மோகனப்பிரியாவின் சளியைத் தவிர மற்றதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அமீர் ஹம்சா அடுத்த கண்டெய்னருக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார், என்னிடம் இல்லை, உங்கள் அத்தையிடம். இனி அதிகாரிகளோடு பேச்செல்லாம் அத்தையே பார்த்துக்கொள்வாராம். தேவைப்பட்டால் கத்துவதற்கு என்னை முன்னறையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்.