சாக்குப்பூதம் வளர்ந்த வரலாறு

போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த இம்மானுவேல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்புச் சோற்றில் கையை வைத்தபடியே ஒரு பெரிய முடிவெடுத்தான். சாக்குப்பூதத்தை இனி ஒரு பயலும் சாகடிக்கக் கூடாது.

இதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிரில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மகிமா, "என்ன பூதம்?" என்று கேட்டிருப்பாள். சாப்பிட்டு எழுந்ததும் அவன் போகப்போவது ஜெபக் கூட்டத்துக்கு. அதாவது, மகிமாவுக்குச் சொல்லியிருந்தபடி.

உண்மை வேறு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் கதைக்குள் புகுந்து பூதங்களோடு சண்டை போடுவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். எந்தப் பூதத்துக்கு என்ன பலம் என்பது தடித்த தடித்த வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கும். கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் இம்மானுவேலும், நெட் சென்டர் வைத்திருந்த செல்வமணியும், இன்னும் இரண்டு கடைக்காரர்களும் ஞாயிறுதோறும் இதைத்தான் விளையாடினார்கள். கல்யாணமாகிப் பிள்ளை குட்டியோடு இருக்கிற ஆள், "நான் பூதம், ஒளிஞ்சு நிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வீட்டில் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. ஜெபக் கூட்டம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

கதை சொல்வது இம்மானுவேல்தான். அந்தப் புத்தகங்களில் அவன் தேடிப்பிடித்ததுதான் சாக்குப்பூதம். பார்க்க ஒரு சாக்கு. மூலையில் கிடக்கும். உள்ளே என்ன என்று கையை விட்டால் கடிக்கும். அதன் சாமர்த்தியம் அவ்வளவுதான். முதல் பதிப்பில் நாலு வரி. இரண்டாம் பதிப்பில் இரண்டு கால் முளைத்தது. அப்போதும் ஒருவரும் சீந்தவில்லை. மூன்றாம் பதிப்பில் ஆளையே காணோம், தூக்கிவிட்டார்கள். ஏலக்காய்ச் சாக்குகளுக்கு நடுவே வளர்ந்த இம்மானுவேலுக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளைக்காரன் கைவிட்ட பிள்ளையைத் தான் எடுத்து வளர்ப்பது என்று இறங்கினான்.

பிள்ளை தேறவில்லை. ஒவ்வொரு வாரமும், கதவைத் திறந்த மாத்திரத்தில் செத்தது.

"ஏலே இமானு, நான் இன்னும் வாளையே உருவலடா. அதுக்குள்ள செத்துப்போச்சு," என்றான் செல்வமணி.

"இன்னைக்குக் கொம்பு வச்சிருக்கேன்டா."

"சாக்குக்குக் கொம்பா? எங்கன வச்ச? தையல் போட்ட எடத்துலயா?"

குடோனே சிரித்தது. அன்றைக்கு ராத்திரி இம்மானுவேல் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தான். மூளை முரண்டு பிடித்தது. கடைசியில், கடையில் எந்தச் சிக்கல் வந்தாலும் எங்கே போய் நிற்பானோ அங்கேயே போய் நின்றான். மகிமா அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மகிமா, ஒரு சந்தேகம். ஜெபக் கூட்டத்துல பேச்சு வந்துச்சு. இந்தச் சாத்தான் ஒரு வீட்டுக்குள்ள வர்றதுன்னா எப்படி வருவான்? கொம்போடயா?"

"கொம்போட வந்தா கதவச் சாத்திப்புட மாட்டாகளா? நல்லவன் மாதிரி வருவான். கேக்குறதையெல்லாம் குடுப்பான்."

"இரை?"

"பொய்தான். எதுக்க நிக்கிற ஆளு பொய் சொல்லச் சொல்ல அவன் பெருத்துக்கிட்டே போவான்."

"அப்ப எப்படித்தான் கொல்றது?"

"உண்மையச் சொன்னாச் சுருங்கிப்போவான். அது என்ன லேசான காரியமா?" என்றவள் ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு வந்த சாக்குப்பூதம் கடிக்கவில்லை. கையை விட்டால், கேட்டதைக் கொடுத்தது. வீரர்கள் தங்கம் கேட்டார்கள், வந்தது. பங்கு பிரிக்கையில் ஒருவனுக்கொருவன் பொய் சொன்னார்கள். ஒவ்வொரு பொய்க்கும் சாக்கு ஒரு சுற்றுப் பெருத்தது. சாயங்காலத்துக்குள் மூன்று பேரும் வாங்கிய தங்கத்தோடு சாக்குக்குள்ளே போய்விட்டார்கள். செல்வமணி எழுந்து வந்து இம்மானுவேலைக் கட்டிப்பிடித்தான்.

"மாப்ள, இது உன் மூளையாடா?"

"பின்ன?" என்றான் இம்மானுவேல்.

செல்வமணி அதை இங்கிலீஷில் அடித்து, இந்த விளையாட்டுக்காரர்கள் கூடும் இணையதளம் ஒன்றில் போட்டான். பின்லாந்திலிருந்து ஒருவன், இருபது வருஷத்தில் இப்படி ஒரு பூதத்தைப் பார்த்ததில்லை, செய்தவர் யார் என்று கேட்டு எழுதினான். இம்மானுவேல் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தான்.

பூதம் இப்படி வளர்ந்துகொண்டிருக்க, இன்னொன்றும் கூடவே வளர்ந்தது. ஞாயிறு மதியம் அவன் செருப்பை மாட்டும்போதெல்லாம் மகிமா ஒரு ஜெபக் குறிப்பு சொல்லி அனுப்புவாள். "எந்தம்பி இன்டர்வியூவுக்குப் போறான். கூட்டத்துல ஜெபிச்சுக்கங்க." தம்பிக்கு வேலை கிடைத்தது. பக்கத்து வீட்டம்மா முழங்கால் வலிக்குச் சொன்னாள். வலி நின்றது. தெருவே குறிப்புச் சொல்ல ஆரம்பித்தது. ஒரு பிரசவம், ஒரு பத்தாங்கிளாஸ் கணக்கு, தொலைந்துபோன ஒரு ஆடு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆடு தானாகவே வந்து நின்றது. போதகர் ஆராதனையில் அவன் பெயரைச் சொல்லி, "சத்தமில்லாம ஊழியம் பண்றாக" என்றபோது, சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இம்மானுவேல் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டான். ஒரு குறிப்புக்குக்கூட அவன் கண்ணை மூடியதில்லை. வழியில் பார்க்கிற பெண்கள் கையெடுத்துக் கும்பிடும்போது உடம்பு கூசியது. சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயைத் திறந்து, "கொஞ்சம் மோர் குடு" என்று முடித்திருக்கிறான்.

ஒரு ஞாயிறு, சண்டை உச்சத்தில் இருந்தபோது குடோனுக்கு வெளியே பெண்கள் குரல் கேட்டது.

"ஐயா, இங்கனதான். வாங்க." மகிமாவின் குரல்.

செல்வமணி தாள்களை அள்ளிச் சட்டைக்குள் திணித்தான். இம்மானுவேல் பகடையைப் பக்கத்தில் வாய் திறந்து கிடந்த ஏலக்காய்ச் சாக்குக்குள் போட்டான். நாலு பேரும் முழங்காலில் விழுந்தார்கள். போதகரும், பின்னால் சபையின் பெண்கள் ஐக்கியம் முழுவதும், சுண்டல் தூக்கோடு மகிமாவும் உள்ளே வந்தார்கள்.

போடிக்காரர் யாராக இருந்தாலும், திறந்த ஏலக்காய்ச் சாக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. போதகரும் போடிக்காரர். பேசிக்கொண்டே கையை விட்டு ஒரு பிடி அள்ளி, மோந்து பார்த்து, உள்ளங்கையை விரித்தார். காய்களுக்கு நடுவே செக்கச்செவேல் என்று பகடை.

"இம்மானுவேல், இது என்ன ரகம்?"

மகிமாதான் பேசினாள்.

"அது ஜெபக் கூட்டத்துக்குத்தான் ஐயா. உருட்டுவாக. எத்தன விழுதோ அத்தன வசனம் மனப்பாடமாச் சொல்லணும். அவுகளே கண்டுபிடிச்சது."

"அற்புதமா இருக்கே!" என்று போதகர் பகடையை உருட்டினார். இத்தனை வருஷ விளையாட்டில் இம்மானுவேல் உருட்டி ஒருமுறைகூட இருபது விழுந்ததில்லை. அன்றைக்கு விழுந்தது.

இம்மானுவேலுக்குத் தெரிந்த வசனம் மூன்று. அதில் ஒன்று கடை காலண்டரில் இருந்தது. மூன்றையும் மெதுவாகச் சொன்னான். ஒன்றை இரண்டாம் முறையும் சொல்லிப்பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். பெண்கள் ஒருவரையொருவர் பார்ப்பது தலை நிமிராமலே தெரிந்தது. மிச்சத்தை மகிமா, சுண்டல் தூக்கைக் கையில் வைத்தபடியே, நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இவ்வளவு பெரிய ஊழியம் குடோனில் நடக்கலாகாது, அடுத்த வாரத்திலிருந்து இம்மானுவேல் வீட்டில் நடக்கட்டும், அவரே நடத்தட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இம்மானுவேல் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"மகிமா, நான் உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொத வாரமே. வேதப் புத்தகம் அலமாரியில கெடக்குது, நீங்க ஜெபக் கூட்டத்துக்குப் போயிட்டீக."

"அப்பறம் எதுக்குக் குறிப்புச் சொல்லி அனுப்புன?"

"எப்பத்தான் வெக்கப்படுவீகன்னு பாத்தேன்."

"ஆனா... எல்லாம் பலிச்சுச்சே?"

"நீங்க அங்கன உருட்டுன நேரம் நான் இங்கன முழங்கால் போட்டேன். ஊரு சனம் நம்பிக் குடுத்தது. அத யாராவது செய்யணும்ல?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைப் பார்க்க முகமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் விடவில்லை.

"அந்த வெளிநாட்டுக்காரருக்கு யாரு மூளைன்னு எழுதுனீக?"

"உனக்கு அதுவும் தெரியுமா?"

"செல்வமணி வீட்டுக்காரி சொன்னா. பேர மட்டும் எம்பேரா மாத்தி எழுதிட்டேன், அவுக நெட் சென்டர்லயே உக்காந்து. அந்த வெளிநாட்டுக்காரரு ரொம்ப சந்தோசப்பட்டாரு. சரி, அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டத்த வீட்டுல நீங்க நடத்தணும். ரெண்டு எடத்துலயும் நீங்க எப்படி இருப்பீக? குடோன நான் பாத்துக்கிறேன்."

அடுத்த ஞாயிறு, இம்மானுவேல் வீட்டுக்கூடத்தில் பெண்கள் ஐக்கியத்துக்கு நடுவே, வேதப் புத்தகமும் கையுமாக முழங்காலில் இருந்தான். அடுத்த தெருவில் குடோன் பக்கமிருந்து ஆண்களின் அலறல் விட்டு விட்டுக் கேட்டது. செல்வமணியின் மனைவி மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"அண்ணே, ஒரு ஜெபக் குறிப்பு. மகிமாக்கா குடுத்துவிட்டாக."

"சொல்லும்மா."

"எங்க வீட்டுக்காரருக்குத்தான். பொய் பேசிப் பேசி இடுப்பு வரைக்கும் சாக்குக்குள்ள போயிட்டாராம். உசுரோட வெளிய வரணும்னு ஜெபிக்கச் சொன்னாக."

இம்மானுவேல் கண்ணை மூடினான். வாழ்க்கையில் முதல்முறையாக மனசார ஜெபிக்கத் தொடங்கினான். அவள் குனிந்து அவன் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஆனா ரொம்ப உருக்கமா வேணாமாம்ணே, ஆளு வெளிய வந்துருவாராம்."