ஏஜெண்ட் எழுந்தால்தான்

நாலரைக்கே முடிந்துபோன கணக்கை சக்ரபாணி மறுபடியும் கூட்டிக்கொண்டிருந்தார். மணி ஐந்தே கால். பாங்கின் திருச்சிக் கிளையில், கிளைத் தலைவரான ஏஜெண்ட் தர்மராஜ் எழுந்து போகாமல் குமாஸ்தா எவரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. பாங்கின் சட்டங்களை மீறினவர்கள் அங்கே உண்டு. எந்தச் சட்டத்திலும் இல்லாத இதை மீறினவர் கிடையாது.

ஆறரைக்கு ஸ்ரீரங்கத்தில் அவருடைய பெண்ணைப் பார்க்க வருகிறார்கள். "நேரத்துக்கு வரலேன்னா பக்கத்தாத்து மாமாவை உங்க இடத்துல உட்கார வெச்சுடுவேன்" என்று மனைவி வத்ஸலா காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"மாட்டைக்கூடப் பொழுது சாய்ஞ்சா அவுத்து விடறான் ஓய்" என்று பக்கத்து மேஜை செபஸ்தியானிடம் பொருமினார்.

"பர்மிஷன் கேளுங்களேன்."

"கேட்டா துறையூருக்குத் தூக்கி அடிச்சுட்டா?"

"கேட்டவங்க யாரையாவது அடிச்சிருக்காரா?"

"கேட்டவாளே இல்லையே. பயமே அதுதான்."

வேலை முடிந்தது அறைக்குள்ளே ஏஜெண்டுக்குத் தெரியட்டும் என்று டைப்பிஸ்ட் ரோசரியை மெஷினை மூடச் சொன்னார். தகர மூடி கணீரென்று விழுந்தது. ஏஜெண்டின் தலை அரைக்கதவுக்கு மேலே எழும்பியது. எல்லாத் தலைகளும் குனிந்தன. ரோசரி பயந்துபோய் மூடியைக் கழற்றி, அகப்பட்டதையெல்லாம் அடிக்கத் தொடங்கினாள். ஏஜெண்டின் தலை ஒரு பெருமூச்சோடு இறங்கியது.

இருட்டினால் எழுந்துவிடுவார் என்று சக்ரபாணி நைஸாக மெயின் ஸ்விட்சை அணைத்தார்.

"பிச்சைமுத்து, கரண்ட் போயிடுச்சு போல. அவங்க வேலை கெடுது பாரு" என்றது உள்ளேயிருந்து குரல்.

பியூன் பிச்சைமுத்து பெட்ரோமாக்ஸை ஏற்றி, சக்ரபாணியின் மூக்குக்கு நேரே வைத்துவிட்டுப் போனான்.

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். வியர்வையும் கோபமுமாக சக்ரபாணி அரைக்கதவைத் தள்ளினார். ஏஜெண்டின் மேஜையில் ஒரு காகிதம்கூட இல்லை. வேலையே இல்லாமல் வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறான் பாவி.

"சார், என் பொண்ணைப் பார்க்க வராங்க. நான் போறேன். துறையூருக்கு மாத்தினாலும் சரி, சீட்டைக் கிழிச்சாலும் சரி."

கைவசமிருந்த வீரம் அவ்வளவுதான்.

தர்மராஜ் சட்டென்று எழுந்தார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதாங்க? வாசல்ல என் ஜட்கா நிக்குது. அதுலயே போங்க."

வண்டி காவேரிப் பாலத்தில் ஏறிய பிறகும் சக்ரபாணியின் கோபம் இறங்கவில்லை.

"வண்டி குடுக்கத் தெரியறது, மனுஷாளை நேரத்தோட விடத் தெரியலை. உம்ம ஐயாவுக்கு வீடு வாசல் கிடையாதா பாய்?"

ஜட்காக்காரர் பரக்கத் அலி குதிரையைத் தட்டிவிட்டார்.

"அவரும் உங்களைப் பத்தி என்கிட்ட தினம் இதையேதாங்க கேக்குறாரு. ஸ்டாஃப் எல்லாம் உழைச்சிட்டிருக்கிறப்ப நான் மட்டும் எப்படி பாய் எந்திரிச்சு வர்றது, இவங்களுக்கெல்லாம் வீடு வாசலே கிடையாதான்னு."