பரண் பலகை உடைந்த விவரம்

நாகலூர்,
டிசம்பர் 6.

என் உடன்பிறந்த தம்பி ஆண்டனி ராஜுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அண்ணியும் நலம். வீட்டுக் கூரை மட்டும் நலமில்லை. பெங்களூரில் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்; கேட்டால்தான் சொல்வீர்கள் என்பது வேறு விஷயம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். முப்பத்தைந்து வருடம் பொறுத்தாயிற்று. இப்போது இன்சூரன்ஸ்காரர்களே கேட்டுவிட்டதால் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

போன சனிக்கிழமை அப்பா செய்த மூங்கில் நட்சத்திரத்தை எடுக்கப் பரணில் ஏறினேன். முன்பெல்லாம் ஒவ்வொரு வருடமும் நான் ஏறுவதும் நீ கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இடது பக்கம், அண்ணா, சிலந்தி" என்று கத்துவதும் உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. கத்த ஆளில்லாமலே இத்தனை வருடம் தப்பித்தவன் இந்த முறை குறுக்குச் சட்டத்தை விட்டுப் பலகை மேலேயே காலை வைத்துவிட்டேன், படாரென்று ஒரு சத்தம், என் வலது கால் தொடை வரைக்கும் முன்னறைக்குள் இறங்கி ஆடுகிறது, செருப்பு போய்க் கேக்குக்கு முந்திரி நறுக்கிக்கொண்டிருந்த உன் அண்ணி பிரிஸ்கில்லாவின் தாம்பாளத்தில் விழுகிறது. அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, எறங்குறதுக்குத்தான் ஏணி இருக்குதுங்களே?" என்றாள். இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கும் அனுதாபம் இவ்வளவுதான்.

நீ இந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தபோது, தற்செயல் சேதம் என்று ஏதோ ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்திருப்பதாகப் போனில் சொன்னாய். நம் வீட்டை நாமே உடைத்துக்கொள்வதற்கும் ஒரு பாலிசியா என்று சிரித்தேன். சிரித்தது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்வது இது ஒன்றுதான்.

புதன்கிழமை சேலத்திலிருந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாள், அபிஷா என்று சின்னப் பெண். தூசிக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டையைப் படம் எடுத்தாள். காபி கொடுத்து, பாலிசியை விளக்கச் சொன்னேன். "தீ, புயல், இடி எல்லாம் சாதாரணப் பாலிசிலயே வருதுங்க சார். ஆணி அடிக்கறப்ப பைப்பு ஓட்டையாகறது, கால் தவறி சீலிங்கு உடையறது, இதுக்குத்தானுங்க உங்க தம்பி தனியாச் சேத்திருக்காரு. ஆனா திடீர்னு நடந்திருக்கோணுங்க, வேணும்னு செஞ்சிருக்கக் கூடாது. வருசக்கணக்கா ஈரம் எறங்கி இத்துப்போனது, கரையான் அரிச்சது, அதுக்கெல்லாம் கெடையாதுங்க" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். வரலாறு நடத்தின வாத்தியார் நான், அதோடு நிறுத்துவேனா? "எதனாலங்க சார் உடைஞ்சது?" என்று அவள் கேட்டதும், "எதனால் இல்லம்மா, யாரால் என்று கேள்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன், தம்பி. எண்பத்தொன்பதாம் வருடம் ஜூலை மாதம், கூரையில் உட்கார்ந்திருந்த குரங்கின் மீது நீ கல் மாதிரி காயாக இருந்த பட்டர் ஃப்ரூட்டை எறிந்தது, குரங்கு நகர்ந்துகொண்டது, ஓடு உடைந்தது, எஸ்டேட்டிலிருந்து நனைந்துபோய் வந்த அப்பா யார் என்று கேட்டபோது நீ ஞானோபதேசப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்போஸ்தலர் மாதிரி உட்கார்ந்திருந்தது, குடைக்காம்பால் எனக்கு அடி விழுந்தது, நான் சொல்லுவேனோ என்று நீ ஓரக்கண்ணால் பார்த்தது, நான் சொல்லாமல் இருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அந்த வழியாகத் தண்ணீர் இறங்கிச் சீலிங்கில் இதே பலகையில் கறை படிந்ததையும் சொன்னேன். படுத்துக்கொண்டு அதையே பார்ப்போமே. நான் காட்டெருமை என்பேன், நீ இல்லை, நம்ம பங்குச் சாமியார் என்பாய். வெளியே பனி ஜன்னல் வரை வந்து நிற்கும், ஒரே கம்பளி, அதிலும் பாதிக்கு மேல் உன் பக்கம். காலையில் அம்மா வந்து இழுத்தால்தான் தெரியும், என் பக்கம் கம்பளியே இல்லை என்று. அந்தக் குளிரையும் சேர்த்தே சொன்னேன். எதுக்கு விடணும்?

அபிஷா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினாள். "சார், நீங்க தம்பி மேல கேசு போடறீங்களா, கிளெய்ம் போடறீங்களா? முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடியே தண்ணி எறங்குச்சுன்னு நீங்களே சொல்றீங்களே, நான் எப்பிடிங்க தற்செயல்னு எழுதறது?" என்றாள். பிரிஸ்கில்லா சமையலறையில் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது. கடைசியில் அந்தப் பெண் இரக்கப்பட்டு, "தச்சர வெச்சு அந்தப் பலகைய எடுத்துப் பாருங்க சார். என்ன இருக்குதோ அத மட்டும் எழுதி, ஊடு ரெண்டு பேர் பேர்ல இருக்கறதால ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு இருவதாம் தேதிக்குள்ள குடுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

ஆகவே தம்பி, கிளெய்ம் கைவிட்டுப் போனால் அதற்குக் காரணம் என் எடை அல்ல, உன் பட்டர் ஃப்ரூட். இதைத் தெரிவிக்கவே எழுதினேன். கிறிஸ்துமஸுக்கு நீ வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. நீ வராத இந்த ஒன்பது வருடமாக ஒன்றுமில்லாமல்தானே இருக்கிறேன்.

குழந்தை இயேசு உன்னையும் பிள்ளைகளையும் சளி பிடிக்காமல் காப்பாராக. அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தச்சர் பொன்னுவேல் உடைந்த பலகையோடு பரணிலிருந்து இறங்கி வந்தார். முறிந்த இடம் தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாக இருந்தது. "கறை மேலாப்புலதானுங்க வாத்தியாரே. ஒரு நூல்கூட உள்ள எறங்கலீங்க. பலகை நொம்பக் கெட்டி. நட்டநடுவுல நீங்க மிதிச்சா அது என்னதானுங்க பண்ணும்?" என்றார். ஆகவே இது தற்செயல்தான், கிளெய்ம் கிடைக்கும். ஆனால், அந்தப் பெண் கேட்ட தாளில், 'இதற்கு முன் எவராலும் இந்தப் பலகைக்குச் சேதம் நேர்ந்ததில்லை' என்று நான் எழுதித் தர வேண்டும். எழுதிவிட்டேன், இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் வரவில்லை. முப்பத்தைந்து வருடத்தை ஒரு நிமிடத்தில் எப்படியடா விடுவது? நட்சத்திரம் இன்னும் பரணில்தான் கிடக்கிறது. இருபதாம் தேதிக்குள் அந்தத் தாளோடு வந்து ஏணியைப் பிடி. நட்சத்திரத்தைக் கட்டிவிட்டு இறங்கி வந்து உன் கண் முன்னால் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை அந்தத் தாளுக்கும் கிடையாது, இந்தக் கடிதத்துக்கும் கிடையாது. யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். கையெழுத்தில்லாமலே தபாலில் போடப் போகிறேன்.