பின்சக்கரத்தில் முப்பது

இப்போதாவது சொல்லிவிடு. நான் வரவில்லை. இரண்டே சொல்.

நீலா சொல்லவில்லை. புளியோதரை டப்பாவை அழுத்தி மூடினாள். கோலாப்பூர் போய்வர மூன்று நாள். பின்சீட்டில் நாத்தனார் பட்டுவின் பக்கத்தில்தான் அவள் இடம். மலைப்பாதையில் பட்டுவுக்குக் குமட்டும். எலுமிச்சம்பழத்தை நீட்டிப் பிளாஸ்டிக் பையைப் பிடிக்க வேண்டும். எல்லோரும் போனபின் இந்த வீடு எப்படி இருக்கும், அதில் தான் எப்படி இருப்போம் என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். இதை எப்படிச் சொல்வது?

கீழே பார்க்கிங்கிலிருந்து கணவன் அனந்தராமன் கூப்பிட்டான். பைகளுடன் இறங்கினாள்.

"நேத்து காத்து அடிச்சியா இல்லையா?"

"அடிச்சேனே."

"பின்னாடி முப்பதுதான் காட்றது."

அவன் சாகணில் ஒரு கார்த் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறான். கார்க் கதவோரம் ஒட்டியிருந்த காற்றழுத்தத் தாளைக் கல்வெட்டு வாசிப்பதுபோல் வாசித்தான். மூன்று பேர் வரை முப்பது. அதற்குமேல் ஆளும் சாமானும் ஏறினால் பின்சக்கரங்களுக்கு முப்பத்தாறு.

"நாம நாலு பேர். ராத்திரி பூரா கசிஞ்சிருக்கு."

"ரெண்டு டயர்லயும் ஒரே அளவா?"

"அதான் கவலையா இருக்கு."

சோப்புத் தண்ணீர் கரைத்து இரண்டு சக்கரங்களையும் குளிப்பாட்டினான். ஒரு குமிழி வரவில்லை.

"ரொம்ப நுணுக்கமான லீக்," என்றான் மரியாதையுடன்.

வால்வைச் சோதிக்கச் சாவி முனையால் அதன் ஊசியை அழுத்தினான். ஊசி உள்ளேயே மாட்டிக்கொண்டது. விடுவிப்பதற்குள் பத்தொன்பது. கால்பம்பை மிதித்தான், இருபத்திரண்டு வந்தபோது அதன் குழாய் கழன்று பறந்தது.

"ஊருக்கெல்லாம் கார் செக் பண்ணி அனுப்பறான். ஆத்துக் கார் தரையோட ஒட்டிண்டிருக்கு," என்றாள் பட்டு.

பட்டுவின் கணவர், அத்திம்பேர், முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். ஏறியபின் ஊர் வரும்வரை இறங்குவதில்லை என்பது அவர் கொள்கை.

இப்போது சொல்லலாமா? சொன்னால் டயருக்கும் நான்தான் காரணம் என்று ஆகிவிடும் என்று நினைத்தாள். பின்சீட்டில் ஏறினாள்.

விஷ்ராந்த்வாடி பெட்ரோல் பங்குவரை கார் நொண்டிக்கொண்டே போனது. காற்று அடிக்கும் முகமது இஸ்மாயிலிடம் அனந்தராமன் நுணுக்கமான லீக்கைப் பற்றி இந்தியில் நீளமாக விளக்கினான். இஸ்மாயில் பொறுமையாகக் கேட்டார். பிறகு பின்சீட்டைப் பார்த்தார்.

"லீக்கெல்லாம் இல்ல சார். எத்தனை பேர் போறீங்கன்னு நேத்து மேடம்கிட்ட கேட்டேன். மூணு பேர்னாங்க. மூணு பேருக்குத்தான் வெச்சேன்."

அத்திம்பேர் பெல்ட்டைக் கழற்றினார்.

"நீலா," என்றான் அனந்தராமன் தணிந்த குரலில். "அவர்கிட்ட நாலுன்னு சொல்லு."

நீலா இறங்கினாள். சுற்றிவந்து, எலுமிச்சம்பழத்தையும் பிளாஸ்டிக் பைகளையும் ஜன்னல் வழியே அத்திம்பேர் மடியில் வைத்தாள்.

"முப்பதே போறும்."